பொன்னெழுத்தும் எழுதிய கையும்

உழைப்பிலே இன்பம் உண்டு என்று போதிப்போரை உழைக்கும் மக்கள் ஐயத்துடன் நோக்குவது இயல்பே. அவ்வாறு போதித்தோரிற் பலர் பிறர் உழைப்பில் வாழ்ந்தவர்கள். ஆயினும், உழைப்பில் இன்பமே இல்லை, கூலி ஒன்றே உண்டு என்று நாம் முடிவுகட்டிவிடலாமா? இவ்வினாவை ஒரு சிறு கைத்தொழிலை முன்வைத்து ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பழைய கடைவீதிகளிலும் மதுச்சாலைகளிலும், கண்ணாடியில் தங்கரேக்கினால் எழுதப்பட்ட பெயர்களை இன்றும் காணலாம். விக்டோரியா மகாராணி காலத்து வணிகம் தன் செல்வாக்கைப் பறைசாற்றிய முறைகளுள் இதுவும் ஒன்று. கலையோ அதனினும் மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டு உரோமரின் கண்ணாடிக் கலங்களில் பொன் பதித்த உருவங்கள் உள்ளன. 1400ஆம் ஆண்டளவில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தமது கைந்நூலில் கண்ணாடியில் பொன் பதிக்கும் முறையை விளக்கியுள்ளார். 1980களில், கணினியின் கட்டளைப்படி வினைல் தாளில் எழுத்து வெட்டும் பொறி பரவத் தொடங்கியது. கடைப்பெயர் எழுதிப் பிழைத்தவர்கள் பலர் அதனால் தொழிலை இழந்தனர். இன்று இக்கலையைக் கற்க விரும்புவோர் நூற்றுக்கணக்கான பவுண் கட்டணம் செலுத்தி, சில நாட்களே நடைபெறும் செய்முறைப் பயிற்சி வகுப்புக்களுக்குச் செல்கின்றனர். பெயர்ப்பலகை எழுதுவதையே தொழிலாகக் கொண்டோரும் அங்கு உளர். நாள் முழுவதும் கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரும் உளர்.

அங்கு அவர்கள் செய்வது யாது? கண்ணாடியை மாசறத் துடைக்கின்றனர். சிறிதளவு ஜெலற்றினை வெந்நீரிற் கரைத்து அதன்மேற் பூசுகின்றனர். தங்கரேக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே. விரலாற் தொட்டால் அது சிதைந்துவிடும். மூச்சுப் பட்டாற் பறந்துவிடும். எனவே அணில் மயிராலான தட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவி, அதில் ஒட்டும் மெல்லிய எண்ணெய்ப் பசையைக்கொண்டே ரேக்கை எடுக்கின்றனர். ஈரக் கண்ணாடியை அணுகியதும் ரேக்கு தானாகவே தாவி ஒட்டிக்கொள்ளும். அது உலர்ந்த பின், இடைவெளிகளை மூட இன்னொரு படலம் இடுவர். அதன்மேல், பின்புறத்திலிருந்து, இடம் வலமாக மாற்றி எழுத்துக்களை வண்ணத்தால் எழுதுவர். வண்ணம் காய்ந்ததும் ஈரப் பஞ்சினால் மிகுதிப் பொன்னைத் துடைத்துவிட, முன்புறத்தில் எழுத்து ஒளிரும்.

இதனைக் கேட்கும் முற்போக்காளர் சிலர் நகைக்கக்கூடும். அன்று தொழிலாளி வயிற்றுக்காகச் செய்ததை, இன்று வசதியுள்ளவன் பொழுதுபோக்காகச் செய்கிறான். இதில் ஆராய என்ன இருக்கிறது என்பர். இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பயிற்சிக்கு வந்தவனுக்குப் பொன் கிழிந்தால் அது ஒரு பாடம். கூலிக்காரனுக்கோ அது முதலாளியின் கோபம். கண்ணாடியை அரித்துச் சித்திரம் பொறிக்கப் பயன்பட்ட ஐதரோபுளோரிக் அமிலம் தோலை ஊடுருவி எலும்பையும் தாக்க வல்லது. இன்று கற்பவன் அதனைத் தொடாமலே விலகிவிடலாம். அன்று அதனால் வயிறு வளர்த்தவனுக்கு அத்தெரிவு இருக்கவில்லை. விரும்பியபோது விட்டுச் செல்லக்கூடிய வேலையையும், விட்டால் அடுப்பு எரியாத வேலையையும் ஒன்றெனக் கூறுவது பொய்யாகும்.

ஆனால் இத்தொழிலின் உள்ளிருந்தே வந்த ஒரு சாட்சியம் நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது. றொபேட் நூனன் என்பவர் ஹேஸ்ரிங்ஸ் நகரில் வீடுகளுக்கு வண்ணம் பூசியும் பெயர்ப்பலகை எழுதியும் பிழைத்தவர். 1911இல் காசநோயால் இறந்த அவர், வறியோருக்கான பொதுக்குழியிற் புதைக்கப்பட்டார். ‘றொபேட் ட்றெசல்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘கந்தற் காற்சட்டைக் கொடையாளிகள்’ என்ற நாவல் 1914இல், மிகவும் சுருக்கப்பட்ட நிலையிலேயே வெளிவந்தது. முழுமையான பதிப்பு 1955இலேதான் கிடைத்தது. தமது உழைப்பை முதலாளிமாருக்கு வாரி வழங்கும் தொழிலாளரே அத்தலைப்புக் குறிக்கும் கொடையாளிகள்.

அந்நாவலின் நாயகன் ஓவன் ஒரு சோஷலிஸ்ட். செல்வர் ஒருவரின் மாளிகையில் ஓர் அறையை அலங்கரிக்கும் பணி அவனுக்குக் கிட்டுகிறது. சுரண்டலின் இயல்பைச் சக தொழிலாளருக்கு ஓயாது விளக்கும் அவன், இப்பணி கிடைத்ததும் இரவிலும் வீட்டிலிருந்து மாதிரிகள் வரைகிறான். நோயுற்ற உடலை மறந்து மகிழ்கிறான். இலாபம் முதலாளிக்கே என்பதை அவன் அறிவான், அறிந்தும் மகிழ்கிறான். ஆசிரியர் அவனை ஏளனம் செய்யவில்லை. எழுத்தை அழகுற எழுதிய கை அவருடையதுமன்றோ!

இங்கு நாம் இரண்டு உண்மைகளை ஒருங்கே ஏற்கவேண்டியுள்ளது. உழைப்பின் இன்பம் உண்மையானது. சுரண்டலின் நடுவிலும் அது முளைக்கிறது. அதே இன்பம் சுரண்டலுக்குத் துணையும் போகிறது. ஏனெனில் தன் வேலையை நேசிப்பவன் கூலிக்கு மேலும் கொடுத்துவிடுகிறான். வேலைமீது பற்றுக்கொண்ட ஆசிரியர் எவரும் இதனைத் தம் வாழ்விலேயே அறிவர்.

வில்லியம் மொறிஸ் 1884இல் ஆற்றிய உரையொன்றில், மனிதனுக்கு உகந்த வேலையில் மூன்று நம்பிக்கைகள் இருக்கவேண்டும் என்றார்: ஓய்வு கிட்டும் என்ற நம்பிக்கை, பயனுள்ள பொருள் விளையும் என்ற நம்பிக்கை, செய்வதிலேயே இன்பம் உண்டென்ற நம்பிக்கை. அவருடைய தொழிலகத்தின் அழகிய பொருட்களைச் செல்வரே பெரும்பாலும் வாங்கினர். அழகிய பட்டறை ஒன்றினால் மட்டும் சமுதாயம் மாறிவிடாது என்பதற்கு இதுவே சான்று. சோஷலிச இயக்கத்தில் அவர் இறங்கியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமெனலாம்.

ஆகவே, பொன்னெழுத்துப் பயிலச் செல்பவனை நாம் இகழவேண்டியதில்லை. அவன் பணம் கொடுத்து வாங்குவது ஒரு பொழுதுபோக்கு மாத்திரமன்று. தொடங்கிய பொருளைத் தன் கையாலேயே முடித்துப் பார்க்கும் நிறைவை அவன் தேடுகிறான். அவனது அன்றாட உத்தியோகம் அதனைத் தரவில்லை. வருடம் முழுவதும் வேலை செய்யும் ஒருவன், வேலையின் இன்பத்தைச் சில நாட்களுக்கு விலைகொடுத்து வாங்க நேர்வதே நாம் ஆராயவேண்டிய அவலம். அக்கட்டணத்தையும் செலுத்த இயலாதோர் எண்ணற்றோர்.

கூலி உயரவேண்டும், வேலைநேரம் குறையவேண்டும் என்ற கோரிக்கைகளோடு இயக்கம் நின்றுவிடலாகாது. அவை முதற் கோரிக்கைகள். அவை இன்றி மற்றவை வெறும் பேச்சு. ஆயினும், வேலை எத்தகையதாக இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. நோயாளியான ஓவன் விளக்கடியில் வரைந்துகொண்டிருந்தபோது அவன் மனத்தில் இருந்தது அவ்வுரிமையே. அதனை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோமாயின், உழைப்பின் இன்பத்தைப் பணம் படைத்தோரின் தனிச்சொத்தாக விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம்.