அளவும் அச்சமும்

எண்பது சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும்படி என் மடிக்கணினிக்குக் கட்டளையிட்டு இரண்டு வருஷங்கள் ஆகின்றன. அதற்குமேல் அது மின்சாரத்தை ஏற்பதில்லை. பாட்டரி சீக்கிரம் மூப்படையக் கூடாது என்பது காரணம். சில்லறைச் சிக்கனம், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஒரு பொருள் நீடிப்பதற்காக அதன் முழுமையை மறுப்பது நியாயம்தானா? அந்த நீடிப்பு யாருக்காக?

முதலில் விஷயத்தின் ஸ்தூலமான பக்கம். லிதியம் அயனி பாட்டரியில் மின்சாரம் ஏறும்போது அயனிகள் நேர்மின்வாயை விட்டுக் கிராஃபைட்டுக்குள் போய் அடைகின்றன, செலவாகும்போது திரும்புகின்றன. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது வளர வளரக் கொஞ்சம் லிதியம் அதிலேயே சிக்கி, திரும்பாமல் போய்விடுகிறது. மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போதும், வெப்பத்திலும் தேய்வு துரிதப்படுகிறது. திருச்சியின் சித்திரை வெயிலில் நூறு சதவீதத்தில் செருகியே வைத்திருப்பது பாட்டரிக்குச் செய்யும் கொடுமைதான். எண்பதில் நிறுத்துவது மூடநம்பிக்கையல்ல; 2023-இல் வந்த ஐஃபோன் 15-இல் அது ஒரு தேர்வாகவே தரப்பட்டது.

ஆனால் இரண்டு உண்மைகள் இந்தச் சிக்கனத்தின் நிம்மதியைக் குலைக்கின்றன.

ஒன்று, நூறு என்பது நூறு அல்ல. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்ட லிதியம் கோபால்ட் ஆக்ஸைடுதான் இந்தப் பாட்டரிகளின் மூலம். வெகுகாலம் 4.2 வோல்ட் என்று வகுத்திருந்த எல்லைக்குள், அதிலுள்ள லிதியத்தில் ஏறக்குறையப் பாதிதான் வெளியே எடுக்கப்பட்டது. மேலும் எடுத்தால் அமைப்பு குலையத் தொடங்கும். பிந்தியவர்கள் எல்லையைச் சற்றுத் தள்ளியிருக்கிறார்கள். எல்லை இல்லாமல் போய்விடவில்லை. ஆக, திரையில் தெரியும் நூறு இயற்கையின் எண் அல்ல, ஒரு பொறியாளரின் சமரசம். நான் மறுப்பதாக நினைத்துப் பெருமைப்பட்ட முழுமை முன்பே மறுக்கப்பட்டதுதான்.

இரண்டு, உபயோகிக்காமல் அலமாரியில் வைத்தாலும் பாட்டரி மூப்படைகிறது. மெதுவாக, ஆனால் நிச்சயமாக. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இது உறைக்கிறது. வைப்புத்தொகை தூங்கும்போது வட்டி சேர்கிறது என்பது எங்கள் தொழிலின் அஸ்திவாரம். பாட்டரியோ தூங்கும்போது வட்டி கட்டுகிறது. மனித சக்தியை நாம் முதல் வகையாகப் பாவிக்கிறோம். அது இரண்டாவது வகை. பெரிய நாவலுக்காகத் தம்மைப் பத்து வருஷங்களாகச் சேமித்துவரும் எழுத்தாளர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. எழுதாத கையும் தேய்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் என் கணினியைப் பற்றி, என்னைப் பற்றி. அடுத்தவர் வரும்போதுதான் இது தார்மீகப் பிரச்னையாகிறது.

ஜீயபுரத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் போனிலும் இதே வரம்பை வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. “ஏம்ப்பா, இது நிரம்பவே மாட்டேங்குதே, கெட்டுப்போச்சா?” என்று இரண்டு முறை கேட்டாள். “அப்படித்தாம்மா இருக்கணும்” என்றேன். ஐப்பசியில் ஒரு மழை இரவு, சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. பக்கத்து வீட்டம்மாளுக்கு மூச்சுத்திணறல். ஆட்டோவுக்குப் பேசியது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வெளிச்சம் காட்டியது, வெளியூரிலிருக்கும் அந்தம்மாளின் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது எல்லாம் அம்மாவின் போன்தான். அவன் எடுப்பதற்குள் அது அணைந்துவிட்டது. அவனுக்குத் தகவல் போனது காலையில். அந்தம்மாள் பிழைத்துக்கொண்டார். மீதி இருபது இருந்திருந்தால் விடியும்வரை தாங்கியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கியிருக்கும் என்றே வருகிறது. அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. வரம்பு வைத்தது நான் என்று அவளுக்குத் தெரியாது.

சுயக்கட்டுப்பாடு என்ற சொல்லில் சுயம் என்பது அலங்காரத்துக்கு நிற்கவில்லை. எனக்கு நான் வைத்துக்கொள்வது விரதம். பிறருக்குக் கேட்காமல் வைப்பது அதிகாரம். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் முழு அளவு 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தில் 1979-இல் அதை 136 அடிக்கு இறக்கினார்கள். 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அந்தச் சில அடிகள் அணைக்குக் கீழே இடுக்கியில் இருப்பவனுக்கு உயிர்ப்பயம், மலைக்கு இந்தப் பக்கம் தேனி விவசாயிக்குப் பயிர். வரம்பின் பலன் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் என்று பிரிந்த மாத்திரத்தில் மிதம் என்ற நற்குணம் அரசியலாகிவிடுகிறது. என் விஷயத்தில் அந்த அரசியல் ஒரு வீட்டுக்குள் நடந்தது, அவ்வளவே வித்தியாசம்.

அப்படியானால் வரம்பே வேண்டாமா? அப்படியும் சொல்லமுடியவில்லை. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே தோண்டும் கைகளில் குழந்தைகளின் கைகளும் உண்டு. ஒரு பாட்டரியின் சாவைத் தள்ளிப்போடுவது அற்பமானாலும் பொய்யான நன்மை அல்ல. அதே சமயம், பாட்டரியைப் பசைவைத்து மூடிவிட்டு நோன்பை மட்டும் வாங்கியவன் தலையில் கட்டுவதையும் நாம் மௌனமாக ஏற்கவேண்டியதில்லை. கையடக்கக் கருவிகளின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்ற முடியவேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்தது. அமலாகும் நாள் 2027 பிப்ரவரி. மாற்றமுடிகிற பொருளுக்கு இத்தனை பயம் தேவைப்படாது. நம்முடைய சிக்கனத்தில் எவ்வளவு அறம், எவ்வளவு பயம் என்று அப்போதுதான் தெரியவரும்.

பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரத்துக்கு வருகிறார். அதற்கு ஒரு கிழவியின் கதையைச் சொல்வார்கள். காவிரிக்குப் போன பேரன் ரங்கனை வெள்ளம் கொண்டுபோகிறது. கிழவி அழுகிறாள். பெருமாளே பேரன் உருவில் வந்து உட்கார்ந்து, அவள் போட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் சாப்பிடுகிறார். பிறகு நிஜப் பேரன் வந்து நிற்கிறான். பக்திக்கதையாக இதை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பழைய சோறு யோசிக்க வைக்கிறது. முந்தின இரவே எடுத்து வைத்த சோறு அது, அதுவும் சேமிப்புதான். காலையில் வந்தவன் முன்னால் எதை நிறுத்திக்கொள்வது என்ற கேள்வி அவளுக்கு எழவில்லை. சேமிப்பு கருமித்தனமாகாமல் இருப்பது அந்த ஒரு கணத்தில்தான். வேண்டியபோது கணக்கின்றி எடுத்துவிடக்கூடிய வரம்பு மட்டுமே அறத்தோடு சேரும். அம்மா அன்றிரவு தன்னிடமிருந்ததை அப்படித்தான் செலவழித்தாள். அவளிடமிருந்தது குறைவாக இருந்ததற்குக் காரணம் நான்.

அவள் போனிலிருந்து வரம்பை எடுத்துவிட்டேன். என் கணினியில் அது இன்னும் இருக்கிறது. அவளிடம் சொல்வது பாக்கி.