தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில்

ஒருவருக்குப் பெரிய இழப்பு நேர்ந்துவிட்டால், அதன் பிறகு அவர் கடவுளைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்த இழப்பின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கோயிலுக்குப் போனால், ‘பாவம், மனசு உடைந்துபோய்ப் போகிறார்.’ போவதை நிறுத்தினால், ‘பாவம், மனசு வெறுத்துவிட்டது.’ அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம் என்பதற்கு இரண்டிலும் இடமே இல்லை.

நிக் கேவ் என்ற ஆஸ்திரேலிய ராக் பாடகருக்கு இது உலகறிய நடந்தது. 2015 ஜூலையில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்கு அருகே கடலோரப் பாறை முகட்டிலிருந்து விழுந்து அவருடைய 15 வயது மகன் ஆர்தர் இறந்தான். 2022 மே மாதத்தில் இன்னொரு மகன் ஜெத்ரோவும் இறந்தார். இந்த ஆண்டுகளில் கேவ் கடவுள், ஜெபம், தேவாலயம் என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். விசுவாசிகளில் சிலர், கர்த்தர் அவரைச் சோதித்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று மகிழ்ந்தார்கள். பகுத்தறிவாளர்களில் சிலர், துயரம் ஒரு நல்ல மூளையைக் கெடுத்துவிட்டது என்று வருந்தினார்கள். எதிரெதிர் முகாம்கள்தான். ஆனால் இருவர் சொல்லும் கதையும் ஒன்றே: மகன் செத்தான், அதனால் அப்பன் கடவுளிடம் போனான்.

அந்தக் கதை தப்பு. ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

கேவ் 1957-ல் விக்டோரியா மாநிலத்தின் வாரக்னபீல் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது வாங்கரட்டாவில். அங்குள்ள ஆங்கிலிக்கன் பேராலயத்தில் சிறுவர் பாடகர் குழுவில் பாடினார். அந்தப் பருவத்தில் அவருக்குக் காட்டப்பட்ட இயேசு, சாந்தமும் வெளிறிய முகமும் கொண்ட, ரத்தமே ஓடாத ஒரு உருவம். பையனுக்குப் பிடிக்கவில்லை. இருபதுகளில் கையில் பைபிளோடு திரும்பி வந்தபோது, அவர் புரட்டியது புதிய ஏற்பாட்டை அல்ல, பழைய ஏற்பாட்டை. ஊரை எரிக்கிற, வெள்ளத்தை அனுப்புகிற, தலைமுறை தலைமுறையாகப் பழிவாங்குகிற தெய்வம் அது. உலகத்தின் மேல் தனக்கிருந்த அருவருப்புக்கு அந்தத் தெய்வம் கச்சிதமாகப் பொருந்தியது என்று பின்னாளில் அவரே எழுதினார். உள்ளதை ஒளிக்காத வாக்குமூலம் அது. நம்மில் எத்தனை பேர் நம் குணத்துக்கு ஏற்ற கடவுளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்கிறோம்!

1985-ல் அவருடைய பேட் சீட்ஸ் குழு ‘டுபெலோ’ என்ற பாட்டை வெளியிட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவில் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த இரவைப் பற்றிய பாட்டு. எல்விஸுடன் பிறந்த இரட்டைச் சகோதரன் பிறக்கும்போதே இறந்திருந்தான். கேவ் அந்த ஏழைக் குடிசையின் பிரசவத்தை இடியும் பெருவெள்ளமும் சூழ்ந்த வேதாகமச் சம்பவமாக ஆக்கிவிட்டார். ராக் இசை பிசாசின் இசை என்று ஒரு காலத்தில் பிரசங்க மேடைகளில் முழங்கினார்கள். அந்த இசையோ தேவாலயத்தின் பின்வாசல் வழியாக வந்தது. எல்விஸ் போட்டியில் வென்ற கிராமி விருதுகள் மூன்றுமே பக்திப் பாடல்களுக்குக் கிடைத்தவை. ‘லிட்டில் ரிச்சர்ட்’ புகழின் உச்சியில், 1957-ல், மேடையை விட்டு இறையியல் படிக்கப் போனார். கேவ் அந்தப் பழைய உறவின் இருண்ட பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

1989-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் தலைப்பே எண்ணாகமத்திலிருந்து வந்தது. பிலேயாமின் கழுதை கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: தீர்க்கதரிசியின் கண்ணுக்குப் படாத தேவதூதன், அவன் ஏறிப் போகும் கழுதையின் கண்ணுக்குப் படுகிறான். கழுதை ஒதுங்குகிறது, அடி வாங்குகிறது. கேவ் அந்தக் கதையில் தன்னைத் தீர்க்கதரிசியாகப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஒரு பாதிரியார். புதிய ஏற்பாட்டில் மாற்கு சுவிசேஷத்தைப் படித்துப் பாருங்கள் என்று சொன்னார். ஏன் மாற்கு? அது சின்னது என்பதால்! பெரிய நூலைப் படிக்கப் பொறுமையில்லாத ஆளிடம் பேசத் தெரிந்த பாதிரியார். பதினாறே அதிகாரம், மூச்சு வாங்காமல் ஓடுகிற நடை. அதில் கேவ் கண்ட கிறிஸ்து, சிறுவயதில் பாடகர் குழுவில் பார்த்த வெளிறிய உருவம் அல்ல. தனிமையில் தவிக்கிற, சுற்றியுள்ளவர்கள் புரிந்துகொள்ளாததால் கோபப்படுகிற, அவசரத்தில் இருக்கிற ஒருவர். 1998-ல் ஸ்காட்லாந்தின் கேனன்கேட் பதிப்பகம் பைபிளின் நூல்களைத் தனித்தனிக் குறுநூல்களாக வெளியிடத் தொடங்கியபோது, மாற்குவுக்கு முன்னுரை எழுதியவர் கேவ்தான். சங்கீதங்களுக்கு எழுதியவர் யூ2 குழுவின் போனோ. வேதப் புத்தகத்துக்கு ராக் பாடகர்கள் முன்னுரை எழுதினார்கள், வானம் இடிந்து விழவில்லை.

இத்தனைக்கும் அது ஹெராயின் காலம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அந்தப் போதைக்கு அடிமை. லண்டனில் காலையில் எழுந்து, உடம்பு நடுங்க நடுங்கத் தேவாலயத்தில் முழு ஆராதனையும் உட்கார்ந்திருந்து, பாதிரியாரின் கையைக் குலுக்கிவிட்டு, நேரே போதை வாங்கப் போய்விடுவாராம். சரியான சமநிலையில் வாழ்வதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தாராம். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நடுக்கத்தோடு ஏன் போக வேண்டும்? யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே போனதால் அவருக்குப் போதையும் தெளியவில்லை. போனார், அவ்வளவுதான்.

அவருடைய பாடல்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1997-ல் வந்த ‘தி போட்மேன்ஸ் கால்’ ஆல்பத்தின் முதல் பாட்டு, ‘இன்ட்டூ மை ஆர்ம்ஸ்’. உலக விவகாரங்களில் குறுக்கிடும் கடவுளைத் தான் நம்பவில்லை என்ற அறிவிப்போடுதான் அது தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே, காதலிக்கு அந்த நம்பிக்கை உண்டு, தனக்கும் இருந்தால் அவளிடம் குறுக்கிட வேண்டாம் என்று மண்டியிட்டு வேண்டிக்கொள்வேன் என்கிறது. இந்தப் பாட்டு பிறந்த விதத்தை அவர் சொல்லியிருக்கிறார். கிராமப்புறத்துப் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் அப்போது அவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போக மட்டும் வெளியே விடுவார்கள். போய்விட்டு வயல்வெளி வழியாகத் திரும்பி நடந்து வரும்போது மெட்டு தோன்றியது. மையத்தில் கிடந்த பழைய பியானோவில் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து வரிகளை எழுதினார். கடவுள் குறுக்கிடுவதில்லை என்ற வரி, கடவுளை வணங்கிவிட்டுத் திரும்பிய கையோடு எழுதப்பட்டது!

அப்போது ஆர்தர் பிறக்கவே இல்லை.

இங்கே என் வாதத்துக்குக் குறுக்கே ஒரு சான்று நிற்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. கேவின் தந்தை காலின் ஆங்கில இலக்கிய ஆசிரியர். கேவ் இளைஞராக இருந்தபோது கார் விபத்தில் இறந்தார். மகன் ஏதோ வழக்கில் காவல் நிலையத்தில் இருந்தபோது, அங்கே வந்த அம்மா சொல்லித்தான் சாவுச் செய்தி தெரிந்தது. 1998-ல் வியன்னாவில், காதல் பாடல் பற்றிய உரை ஒன்றில், தந்தையின் மரணம் எனக்குள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கியது, அதில்தான் என் சொற்கள் மிதந்து சேர ஆரம்பித்தன, எழுதி எழுதியே கடவுளை வரவழைத்தேன் என்ற பொருளில் பேசினார். ஆக, துயரத்துக்கும் அவருடைய கடவுளுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடர்பைக் கண்டறிந்து சொன்னவர் அவரே. வெளியிலிருந்து நாம் ஒட்டுகிற சீட்டு வேறு, அவர் உள்ளே தோண்டி எடுத்தது வேறு.

நாம் ஒட்டுகிற சீட்டு எவ்வளவு பிசகும் என்பதற்கு 2016-ன் ‘ஸ்கெலிட்டன் ட்ரீ’ ஆல்பமே சாட்சி. வானிலிருந்து விழும் ஒருவரின் காட்சியோடு அது தொடங்குகிறது. புத்திரசோகத்தின் குரல் என்றே உலகம் அதைக் கேட்டது. பாடல்களில் பெரும்பாலானவை ஆர்தர் உயிரோடு இருந்தபோதே எழுதப்பட்டவை.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று உண்டு. கடவுள் உண்டா என்று கேட்டால் என்னிடம் எல்லா நாளும் ஒரே பதில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த ஓர் இரவில் கை கூப்பியிருக்கிறேன். என் பகுத்தறிவு நண்பர்கள் அதைப் பலவீனம் என்பார்கள். என் அத்தையோ, “பாத்தியா, கடைசியில அவன்கிட்டதானே போய் நின்ன?” என்று வெற்றிப் புன்னகை பூப்பாள். இரு தரப்புக்கும் நான் சான்றுப்பொருள் ஆக விரும்பவில்லை. கை கூப்பியது நான். அதற்கு என்ன பொருள் என்று சொல்லும் உரிமையும் எனக்கே இருக்கட்டும். சாவு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்த இரண்டாம் நிமிடம் கடவுளின் திட்டத்தை விளக்க ஆரம்பிக்கிறவர்களையும், தெருமுனையில் நின்று ‘இப்பவாவது புரியுதா, சாமி இல்லைன்னு’ என்கிறவர்களையும் ஒரே வரிசையில்தான் நான் வைத்திருக்கிறேன்.

2018 செப்டம்பரில் கேவ், ரசிகர்களின் கேள்விகளுக்குக் கடிதமாகப் பதில் எழுதத் தொடங்கினார். இடைத்தரகர் இல்லை, எந்தக் கேள்வியும் கேட்கலாம். தொடக்கத்திலேயே வந்த ஒரு கேள்வி, இறந்துபோன உங்கள் மகன் உங்களோடு பேசுவதாக உணர்கிறீர்களா என்பது. அவர் எழுதிய பதிலின் சாரம்: மகன் என்னைச் சூழ்ந்திருப்பதை உணர்கிறேன், அவன் பேசுவதும் கேட்கிறது, ஆனாலும் அவன் அங்கே இல்லாமலும் இருக்கலாம். விசுவாசி முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார். பகுத்தறிவாளர் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். இரண்டையும் சேர்த்தே ஒரு தகப்பன் சொல்கிறார். இதை மழுப்பல் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மழுப்புகிறவர் தப்பிக்கப் பார்ப்பார். இவர் இரண்டின் சுமையையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

பாப் டிலன் 1979-ல் கிறிஸ்தவராக மறுபிறப்பு எடுத்தபோது நடந்தது வேறு. அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரங்கில் பழைய பாடல் ஒன்றைக்கூடப் பாட மறுத்து, புதிய பக்திப் பாடல்களை மட்டும் பாடினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். டிலனிடம் அப்போது இருந்தது பதில். அந்தப் பாடல்களில் சில அற்புதமானவை, மறுக்கவில்லை. ஆனால் பதில் கையில் இருக்கிறவரோடு நீண்ட நேரம் பேச முடிவதில்லை.

கேவோடு பேச முடிகிறது. ஷான் ஓஹேகன் என்ற பத்திரிகையாளர் கொரோனா காலத்தில் அவரோடு நாற்பது மணி நேரத்துக்கு மேல் பேசினார்; 2022-ல் இருவரும் அதை நூலாக்கினார்கள். அதில் கேவ், ‘ஆன்மிகம்’ என்ற மிருதுவான சொல்லைத் தள்ளிவைத்து, ‘மதம்’ என்ற முரட்டுச் சொல்லையே பிடித்துக்கொள்கிறார். மதம் நம்மிடம் எதையாவது கேட்கிறது, அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்பது அவர் வாதம். ‘எனக்கு ஆன்மிகம் உண்டு, மதம் கிடையாது’ என்று சௌகரியமாகச் சொல்லிக்கொள்ளும் என் தலைமுறைக்கு இது உறைக்க வேண்டிய பேச்சு. குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பிடிக்காத பிரசங்கத்தையும் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்நியரின் இருமலையும் பொறுத்துக்கொள்வதுதான் அந்தக் கட்டுப்பாடு. சந்தேகத்தை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை கேவ். அதையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று அர்த்தமல்ல. நாத்திகம் பாட்டெழுதும் தொழிலுக்கு நல்லதல்ல என்று அவர் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. இதை ஒப்ப முடியாது. ‘பேட் ரிலிஜன்’ குழுவின் கிரெக் கிராஃபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கடவுளை ஏற்காதவர். நாற்பது ஆண்டுகளாக நன்றாகத்தான் எழுதிப் பாடுகிறார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பாடிக்கொண்டு வளர்ந்த நமக்கோ இதற்கு மேல் சாட்சியம் தேவையில்லை. மதச்சார்பற்ற வாழ்வில் மன்னிப்புக்கு இடம் குறைவு என்பது போன்ற அவர் பேச்சிலும் அவசரம் தெரிகிறது. எந்தச் சாமியையும் கும்பிடாதவர்கள் பகைவனை மன்னித்ததையும், கும்பிடுகிறவர்கள் மூன்று தலைமுறைப் பங்காளிச் சண்டையைக் கட்டிக் காத்ததையும் ஒரே ஊரில் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றில் அவர் பக்கம் நிற்கிறேன். உண்டு, இல்லை என்று முடிவு செய்த பிறகுதான் மண்டியிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அந்தச் சட்டத்தை ஆத்திகரும் நாத்திகரும் சேர்ந்தே போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு உறுப்பினர் அட்டை கொடுக்க வேண்டும், மற்றவருக்குப் பறிக்க வேண்டும். அட்டையே இல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எல்லா வழிபாட்டுத் தலங்களிலும் இடம் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

நிக் கேவைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோகக் கதையைப் படித்துவிட்டு அந்தக் காதோடு போகாதீர்கள். முதலில் 1997-ன் ‘இன்ட்டூ மை ஆர்ம்ஸ்’. ஒரு பியானோ, ஒரு பேஸ் கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். பிறகு மகனுக்குப் பின் எழுதிய 2019-ன் ‘கோஸ்டீன்’. கடைசியாக, இரண்டு பிள்ளைகளையும் இழந்தபின் 2024-ல் வந்த ‘வைல்ட் காட்’. மூன்றில் மிகவும் மகிழ்ச்சியானது அதுதான்.