வணங்கும் கையும் ஆளும் கையும்

பழந்தமிழில் 'கோயில்' என்றால் அரசன் வாழும் இல்லம். தெய்வம் உறையும் இல்லத்துக்கும் அதே பெயர்தான். 'இறை' என்ற சொல் கடவுளையும் குறிக்கும், மன்னனையும் குறிக்கும், மன்னனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்தை 'இறையிலி' என்று எழுதினார்கள். ஆள்பவனும் அருள்பவனும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த காலம் அது. இன்று ஆள்பவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தெய்வத்தை யாரும் ஐந்தாண்டுக்கு என்று தேர்ந்தெடுப்பதில்லை. எனவே இரண்டும் பிரிந்தே தீர வேண்டியிருந்தது. எவ்வளவு தூரம் பிரிய வேண்டும் என்பதில்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

மதம் வேறு, அரசியல் வேறு. கலக்கவே கூடாது என்கிறது ஒரு தரப்பு. மதம் இல்லாத அரசியல் உயிரற்றது என்கிறது மறுதரப்பு. இரண்டுக்கும் மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மனிதர் அப்படி இரண்டு அறைகளாகத் தடுக்கப்பட்டவர் அல்ல. பிறர் பொருளைத் தொடக் கூடாது, எளியவரை மிதிக்கக் கூடாது என்று ஒருவர் கற்றுக்கொண்டது சிறுவயதில் பாட்டி சொன்ன சாமி கதையிலிருந்து என்றால், அமைச்சரான அன்று அவர் எதைக் கழற்றி வாசலில் வைப்பார்? கழற்றத்தான் வேண்டுமா?

காந்தியை நினைத்துப் பார்க்கலாம். 1948 ஜனவரி 13 அன்று டெல்லியில் அவர் உண்ணாநோன்பு தொடங்கியபோது வயது 78. பிரிவினையின் ரத்தம் இன்னும் காயாத நகரம். ஆக்கிரமிக்கப்பட்ட மசூதிகளை முஸ்லிம்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று. பல சமயங்களின் தலைவர்களும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே, 18ஆம் தேதி அவர் நோன்பை முடித்தார். பன்னிரண்டு நாளில் கொல்லப்பட்டார். தம்மை இந்து என்று கூச்சமின்றிச் சொல்லிக்கொண்டவர் அவர். தினமும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தியவர். அந்தப் பக்தியை அவரிடமிருந்து பிரித்தெடுத்தால் அந்த நோன்பே இல்லை. ஆகவே, பொதுவாழ்வில் நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த நம்பிக்கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது பிற சமயத்தாரிடம் எதையும் பறிக்கக் கேட்கவில்லை. தம் சமயத்தாரின் ஓங்கிய கையைத் தடுக்கவே கேட்டது. அதற்கு அவர் பட்டினி போட்டதும் தம் உடலைத்தான்.

மறுபக்கத்தைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. பாக்கு நீரிணையைக் கடந்தால் போதும். விடுதலை பெற்ற இலங்கைக்குக் கிடைத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு இல்லாத சலுகையை இன்னொரு மதத்தாருக்கு வழங்கும் சட்டம் செல்லாது என்றது. ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர் பௌத்தரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, 1956இல் ஆட்சிக்கு வந்தார். புத்தர் பரிநிர்வாணத்தின் 2,500ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் பிக்குகள் அவருக்காக வாக்குக் கேட்டார்கள். சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் அந்த ஆண்டே வந்தது. 1957 ஜூலையில் அவர் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். குறைகள் இருந்தாலும், இரு இனமும் சேர்ந்து வாழ ஒரு வழியை அது திறந்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் கொழும்பு ரொஸ்மிட் பிளேஸில் இருந்த அவர் வீட்டு முன்னால் வந்து அமர்ந்தார்கள். பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். கைவிட்டதை எழுத்திலும் தரச் சொன்னார்கள்; தந்தார். மே மாதம் இனக்கலவரம் வெடித்தது.

1959 செப்டம்பர் 25 காலை. அதே வீட்டின் விறாந்தையில் பிரதமர் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். காவியணிந்த ஒருவர் வந்தார். தல்துவே சோமாராம என்ற பிக்கு. காவியைக் கண்டதும் பண்டாரநாயக்க மரபுப்படி குனிந்து வணங்கினார். பிக்குவின் கையில் இருந்தது துப்பாக்கி. மறுநாள் பிரதமர் இறந்தார். கொலைச்சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாபிட்டிகம புத்தரக்கித்தவும் ஒருவர். 1956இல் பண்டாரநாயக்கவின் வெற்றிக்கு ஓடி உழைத்தவர் அவர். கொலைக்குப் பின்னால் தனிப்பட்ட வணிக நலன்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த நலன்கள் பிரதமரின் வாசல்வரை தடையின்றி வந்தது எப்படி? காவி, தேர்தல் மேடைக்கும் அமைச்சரவைக் கதவுக்கும் அனுமதிச் சீட்டாகிவிட்டிருந்தது.

இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. குண்டடிபட்ட பண்டாரநாயக்க, தம்மைச் சுட்டவரிடம் இரக்கம் காட்ட வேண்டும், பழிவாங்கக் கூடாது என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். புத்தர் போதித்த கருணை அதுதான். மூன்றாண்டு ஆட்சியில் பௌத்தத்தின் பெயரால் எத்தனையோ நடந்தது. பௌத்தம் அவர் வாயால் தெளிவாகப் பேசியது அந்த மரணப் படுக்கையில். வாக்குக்காக மதத்தைத் தூக்கிப் பிடித்த கைதான், கடைசியில் மதம் சொன்னபடி பழியைத் தடுக்கவும் நீண்டது. அதற்குள் நாடு வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. 29ஆம் பிரிவு காணாமல் போனது. 1978 அரசியலமைப்பும் அந்த முதன்மையைத் தொடர்ந்தது. அதே காலத்தில், சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதி கிறிஸ்தவரான செல்வநாயகத்தை 1956 முதல் 1975 வரை திரும்பத் திரும்ப வெல்ல வைத்தது. தலைவரின் வழிபாட்டு முறை தங்களுடையதாக இல்லாவிட்டாலும், அவர் தங்களுக்காக நிற்பார் என்று நம்ப வாக்காளர்களால் முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி வாக்கெடுப்புக்கே போனது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முகப்புரை விவாதிக்கப்பட்டது. அதைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்களில் திருவிதாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளையும் ஒருவர். தாம் ஆத்திகர்தான் என்பதைச் சொல்லிவிட்டே, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயப்படுத்துவதாகும் என்று வாதிட்டார். திருத்தத்துக்கு ஆதரவாக 41 பேர், எதிராக 68 பேர். அந்த 68 பேரும் நாத்திகர்கள் அல்ல. தம் கடவுளை அடுத்தவர் தலையில் சுமத்துவது கடவுளுக்கும் பெருமையில்லை, அடுத்தவருக்கும் நியாயமில்லை என்று நினைத்த ஆத்திகர்கள் அவர்களிடையே இருந்தார்கள். அதே அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்பவருக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். தமிழ்நாட்டில் இரண்டையும் மக்கள் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அமைச்சர் ஏற்கும் உறுதிமொழியில் தொடக்கம்தான் மாறும். அச்சமோ சலுகையோ, விருப்போ வெறுப்போ இல்லாமல் எல்லாத் தரப்பு மக்களுக்கும் நியாயம் செய்வேன் என்ற மீதி வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றே.

அப்படியானால் அரசு மதத்தின் பக்கமே திரும்பக் கூடாதா? அதுவும் சரியாகாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, ராஜாஜியின் அரசு ஒதுங்கி நிற்கவில்லை. அந்த நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. 'அது ஆசாரம், அரசுக்கு அங்கே வேலையில்லை' என்று விலகியிருந்தால் கதவு இன்னும் எத்தனை காலம் சாத்தியிருக்குமோ! ராஜாஜி ஆழ்ந்த பக்தர். ஆனால் அந்தச் சட்டம் யார் பக்தர், எது சரியான வழிபாடு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவரும் மனிதர், அவருக்கும் உள்ளே வர உரிமை உண்டு என்றது, அவ்வளவுதான். மனித மாண்பைக் காக்க அரசு கோயில் வாசல்வரை போகலாம், போகவும் வேண்டும். கருவறைக்குள் நின்று அருள்வாக்குச் சொல்ல அதற்கு உரிமையில்லை. இந்த அளவுகோல் எல்லா மதத்துக்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்த கடமை. ஒரு மதத்தின் அநீதியில் மட்டும் சுறுசுறுப்பு, இன்னொன்றில் மௌனம் என்றால் அது சீர்திருத்தமாகாது, பக்கச்சார்புதான்.

பெரிய நிகழ்வுகளில் தெளிவாகத் தெரியும் எல்லை, அன்றாடத்தில் மங்கலாகிவிடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வேலைநாளில் ஒரு தாலுகா அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். வாசலில் வாழைக்கன்று, கணினிக்கும் முத்திரைக்கும் சந்தனப் பொட்டு, பொரி, கடலை, சுண்டல் மணம். மகனின் உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு முஸ்லிம் தாய்க்கும் காகிதத்தில் பொரி மடித்துத் தருகிறார்கள். ஊழியர்கள் தம் காசில், தம் மகிழ்ச்சியைப் பகிர்கிறார்கள். அதில் குற்றம் காண்பது கடுமை. ஆனால் அந்தத் தாய் அங்கே விருந்தாளி அல்ல, உரிமைக்காரி. பொரி கிடைப்பது அன்பு; சான்றிதழ் கிடைப்பது உரிமை. அன்பு கூடலாம், குறையலாம். உரிமை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மனுவில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு ஒரு கை அந்தக் கோப்பை அடியில் செருகுமானால், அந்த மேசைக்கு இட்ட சந்தனம் முழுதும் வீண். அங்கே கெட்டது நிர்வாகம் மட்டுமல்ல, பூஜையும்தான்.

தலைவர்களுக்கும் இதே சோதனைதான். நெற்றியில் என்ன இருக்கிறது, எந்தத் திருவிழாவில் படம் எடுத்துக்கொண்டார், எந்த நோன்புக் கஞ்சியைக் குடித்தார் என்பவை எதையும் நிரூபிப்பதில்லை. ஒன்றுமே அணியாமல் இருப்பதும் அப்படியே. நாத்திகத்தைக் கொண்டும் ஓர் ஆட்சி வழிபடுவோரை நசுக்க முடியும் என்பதை ஸ்டாலின் காலச் சோவியத் ஒன்றியம் காட்டியது. தம் நம்பிக்கை ஒருவரின் கையைக் கட்டுகிறதா, அல்லது அவர் கைக்கு ஆயுதமாகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதை அறிய ஒரு கேள்வி போதும், வாக்களிக்கும் யாரும் கேட்கக்கூடிய கேள்வி: தம் மதத்தார் அநீதி செய்த நாளில் இவர் யார் பக்கம் நின்றார்?