வழிவிடுதல்

எல்லோருக்கும் பொதுவான பொருள்கள் எவை என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்களே மிகுதி. காற்றைச் சொல்லலாம், வெளிச்சத்தைச் சொல்லலாம். மூன்றாவதாக வழியைச் சொல்வேன். ஆனால் நான் மூச்சு விடுவதால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காற்று குறைந்துவிடுவதில்லை. வழி அப்படியல்ல. நான் நிற்கிற இடத்தில் அதே சமயத்தில் இன்னொருவர் நிற்க முடியாது. ஆகவே வழியைப் பற்றிய கேள்வி அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் ரயில் ஓட்டம் நின்றுபோன பல பாதைகளில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, மரஞ்செடிகளின் நடுவே நடப்பதற்கும் சைக்கிள் விடுவதற்கும் தடங்கள் அமைத்திருக்கிறார்கள். பசுமைவழி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராயிலிருந்து ஸ்பார்ட்டா வரை 32 மைல் செல்லும் தடம் 1967-இல் திறக்கப்பட்டது. சிகாகோவுக்கு மேற்கே உள்ள இல்லினாய் பிரெய்ரி பாதையோ ஒரு கடிதத்தில் பிறந்தது. மே தெயில்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கையியல் அம்மையார், கைவிடப்பட்ட ரயில் பாதையைக் காலாற நடப்பவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று 1963-இல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்கு எழுதினார்.

ஆண்டுகள் சென்றன. காலாற நடப்பவர்களோடு, வேலைக்குப் போகிறவனும் இத்தகைய தடங்களில் வந்து சேர்ந்தான். மின்னியாபொலிஸ் நகரின் மிட்டவுன் பசுமைவழியின் முதற்பகுதி 2000-இல் திறக்கப்பட்டது. பழைய ரயில் பள்ளத்துக்குள், தெருக்கள் தலைக்குமேல் பாலங்களாகக் கடந்து செல்ல, அது ஓடுகிறது. இரவும் பகலும் திறந்திருக்கிறது. பனிக்காலத்தில் பனியை வழித்துவிடுகிறார்கள்.

இதைப் பூங்கா என்பதா, சாலை என்பதா? பூங்கா என்றால் பொழுது சாய்ந்ததும் மூடிவிடலாம். குளிர்காலத்தில் வேலை முடிந்து இருட்டில் திரும்புகிறவன் குற்றவாளியாகிவிடுவான். சாலை என்றால் பெஞ்சு எதற்கு, நிழல் எதற்கு, விளையாடும் குழந்தைக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விகள் எழும்.

பயனுள்ள காரியத்துக்குப் போகிறவனுக்கே முதல் உரிமை என்று ஒரு கட்சி உண்டு. நியாயம் போலத்தான் தோன்றும். ஐந்து நிமிஷம் தாமதித்தால் அவனுக்குச் சம்பளத்தில் நஷ்டம். மோட்டாரை விட்டுவிட்டு அவன் மிதிப்பதால் ஊருக்குப் புகையும் இரைச்சலும் குறைகின்றன. முன்னால் நடக்கும் கிழவருக்கோ போய்ச் சேர வேண்டிய இடமே இல்லை. நடப்பதே அவருடைய காரியம்.

இந்தக் கட்சியை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பயனைக் கொண்டு உரிமையை அளக்கத் தொடங்கினால், அளவு சைக்கிளோடு நிற்காது. அதைவிட அவசரமான மோட்டார் வரும்; மோட்டாரைவிடப் பயனுள்ள லாரி வரும். நெடுஞ்சாலைகளில் நடந்த கதை அதுதானே? எந்த வாதத்தால் சைக்கிள்காரன் அங்கே ஓரங்கட்டப்பட்டானோ, அதே வாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கே கிழவரிடம் வருகிறான்.

அதற்காகக் கிழவர் தடத்தின் நடுவே நின்று, நாயின் கயிற்றைக் குறுக்கே நீளவிடலாம் என்று அர்த்தமல்ல. வலப்பக்கம் ஒதுங்கிச் செல்வதும், முந்துகிறவர் குரல் கொடுத்தோ மணியடித்தோ இடப்பக்கமாக முந்துவதும் அந்நாட்டு வழக்கம். அந்த மணியைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். தூரத்திலேயே ஒருமுறை அடித்தால், "வருகிறேன்" என்ற செய்தி. முதுகுக்குப் பின்னால் வந்து விடாமல் அடித்தால், "விலகு" என்ற கட்டளை. மணி என்னவோ ஒன்றுதான். எப்படி அடிப்பது என்பதைச் சட்டம் போட்டுக் கற்பிக்க முடியாது.

இருவருக்கும் உரிமை சமம். ஆனால் கடமை சமமல்ல. வேகத்தைத் தன் வசத்தில் வைத்திருப்பவனுக்கே கடமை அதிகம். பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்படுவது அவனால் முடியும். சட்டென்று துள்ளி விலகுவது கிழவரால் முடியாது.

எல்ராய் தடத்தில் மலையைக் குடைந்த குகைவழிகள் மூன்று இருக்கின்றன. நீளமானது ஏறத்தாழ முக்கால் மைல். உள்ளே ஒரே இருட்டு. சைக்கிளில் வந்தவரும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது விதி. அங்கே வேலைக்காரன், உல்லாசி என்ற பேதமில்லை, எல்லோரும் நடப்பவர்களே. வெளிச்சத்திலும் அப்படி நாலு அடி நடந்து பழகினால் பாதகமில்லை என்றே எனக்குப் படுகிறது.