எந்தக் காகிதம் குப்பை?

ஒரு காகிதத்தைப் பேணுவதா, எறிவதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஆயினும் ஊவா மலைகளின் தேயிலைத் தோட்டங்களை மனத்தில் வைத்துச் சிந்திப்போமாயின், அது நீதியைப் பற்றிய கேள்வியாகவே மாறிவிடுகின்றது.

இயந்திரங்களின் கைநூல்களையும் விற்பனைப் பிரசுரங்களையும் சேர்த்துக் காக்கும் வழக்கம் இன்று உலகில் வளர்ந்துள்ளது. 2015இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வணிகரிடம் தேங்கிக் கிடந்த பல்லாயிரம் கைநூல்கள் குப்பைக்குப் போகவிருந்த வேளையில், தொண்டர்கள் கூடி அவற்றைப் பெட்டிகளில் அடைத்து மீட்டனர். "பழைய கணிப்பொறியின் கைநூல் எவனுக்கு வேண்டும்? லயத்தில் கூரை ஒழுகுகிறதே!" என்று நம் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் சற்றுப் பொறுக்க வேண்டும்.

பதுளைத் தோட்டத் தொழிலாளிக்குக் காகிதம் என்றுமே வெறுங் காகிதமாக இருந்ததில்லை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' ஒரு காலத்தில் அவனைப் பிணித்தது. 1921இல் சட்டம் அம்முறையை ஒழிக்கும்வரை அந்தச் சிறு சீட்டே அவன் கால்விலங்கு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த சட்டமோ, 1946 ஜனவரிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. தான் நட்டு வளர்த்த தேயிலைச் செடியைச் சாட்சிக்கு அழைக்க இயலுமா? எழுத்து வேண்டும். எழுத்தோ துரையின் அலுவலகத்தில், கணக்கப்பிள்ளை நாள்தோறும் பேர் போட்ட செக்ரோலில் இருந்தது. விண்ணப்பித்தவருள் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர்.

அஸ்ஸாமில் தோட்டம் நடத்திய டேவிட்சன் என்பார் 1881இல் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய ஆலையின் சிராக்கோ உலர்த்திகள் உலகறிந்தவை. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையில் பழைய பொறிகள் துடைத்து மெருகிட்டு நிறுத்தப்பட்டுள்ளன. நல்லதே, அவற்றின் விலைப்பட்டியல்களும் அருகில் இருக்கட்டும். ஆனால் பொறி எத்தனை இராத்தலை உலர்த்தும் என்பதைப் பட்டியல் கூறும். அதன் வெக்கையில் நின்றவன் மாதத்தில் எத்தனை நாள் நின்றான் என்பதைக் கூறாது. அதைக் கூறுவது செக்ரோல். ஒன்றுக்குக் கண்ணாடிப் பேழை, மற்றதற்குக் கறையான் என்று வகுத்தது எந்த அறம்?

கைநூலை ஏளனம் செய்வோருக்கு இனி ஒரு சொல். சம்பளக் கணக்கு ஏட்டை விட்டுக் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியை ஓய்வுபெறும் கிழவி கேட்கிறாள். அவள் உழைத்த ஆண்டுகளில் சில, பழைய பிளாப்பித் தட்டொன்றில் கிடக்கின்றன என்று கொள்வோம். தட்டு கெடாமல் இருந்தாலும் போதாது. அதிலுள்ள எழுத்துகளை எந்தப் பொறி, எந்த ஒழுங்கில் பதித்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது எவருக்கும் வேண்டாத அந்தக் கைநூல்தான். பூட்டைக் காத்துத் திறவுகோலை எறிந்தவன் எதைக் காத்தவன்?

"ஏடுகள் கம்பெனியின் சொத்து" என்பர். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. எசமானர் இத்தனை முறை மாறினர். ஏட்டிலுள்ள பெயர்களுக்குரிய குடும்பங்களோ அதே மலையில் வாழ்கின்றன. காகிதம் வாங்கியவனுக்குரியதாகலாம். அதில் எழுதப்பட்ட வாழ்வு வாழ்ந்தவனுக்கே உரியது. இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை: கடன், நோய், சாதி ஆகியன அவ்வேடுகளில் இருக்கும்; பேரப்பிள்ளைகளின் இசைவின்றி அவற்றை ஊரறியப் பரப்புதல் பேணுதல் ஆகாது.

கம்பளைக்கருகே 2007இல் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை எழுந்தது. 2005இல் தோன்றிய 'நூலகம்' மலையக ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஊவாவின் தோட்ட அலுவலகங்களில் அலமாரிகள் இன்னும் பூட்டியே இருக்கின்றன. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தகரப் பெட்டிகளில் மக்கள் வைத்திருந்த பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. பத்திரம் இழந்தவர்கள் தம் பெயரைத் தேடிச் செல்லக்கூடியது அலுவலக ஏடுகளிடம்தான்.