முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர்

எங்கள் மண்டியில் நெல் அளக்கும்போது யாரும் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலைத் தலைதட்டி, 'லாபம்' என்று குரல் கொடுத்துத்தான் சாக்கில் கொட்டுவார்கள். அப்புறம்தான் இரண்டு, மூன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா நடத்திய அந்த மண்டியில் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் காதில் விழுந்த சொல் அது. சாயங்காலம் பேரேடு எழுத உட்காரும் அப்பா, அன்றைய விற்பனையிலிருந்து ஒரு சிறு தொகையை 'மகமை' என்று தனியாகப் பற்று எழுதுவார். கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் போகும் பணம் அது. அதில் கைவைத்தால் குலம் விளங்காது என்பார். லாபம் என்று கூவியதும் மகமை என்று எழுதியதும் ஒரே வீட்டில், ஒரே நாளில். லாபம் தேடுவது தர்மத்துக்கு ஆகுமா என்ற கேள்வி எனக்கு அந்தப் பேரேட்டிலிருந்து பிறந்தது. ஐம்பது வருஷமாக அதற்குப் பதில் தேடி நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் வாசல் ராஜாஜியுடையது.

தொரப்பள்ளியில் பிறந்தாலும் அவர் எங்கள் ஊர்க்காரர் மாதிரிதான். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார், 1917இல் நகராட்சித் தலைவரானார். அப்பாவுக்கு அவர்மீது இருந்த பக்திக்குக் காரணம் இந்த ஊர்ப்பாசம் மட்டுமில்லை. 1952.

கன்ட்ரோல் காலத்தைப் பற்றிப் பேசினாலே அப்பாவின் முகம் மாறிவிடும். யுத்தத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு, யுத்தம் முடிந்த பிறகும் விடவில்லை. சொந்த வயலில் விளைந்த நெல்லை மகள் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துப்போக ஒரு குடியானவர் வைக்கோலுக்கு அடியில் மூட்டையை ஒளித்து ராத்திரியில் வண்டி ஓட்டியதை அப்பா சொல்லியிருக்கிறார். "திருடன் மாதிரி வந்தாருடா, தன் நெல்லோட." மண்டிக்காரர்கள் இரண்டு கணக்கு வைக்கப் பழகினார்கள். அப்பாவும் வைத்தார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார். பசியைவிட அதுதான் அவரை உறுத்தியது: பிள்ளையார் சுழி போட்டு அதன் கீழே பொய் எழுத வேண்டியிருந்தது.

1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி, அந்த ஜூனிலேயே சென்னை மாகாணத்தில் கட்டுப்பாட்டை எடுத்தார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். விலை ஏறும், ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. அப்பா இரண்டாவது கணக்கை அடுப்பில் போட்டார்.

இதைப் பொருளாதாரம் என்று மட்டும் பார்த்தால் ராஜாஜி பிடிபட மாட்டார். கூட்டுறவுப் பண்ணை வேண்டும் என்று காங்கிரஸ் நாகபுரியில் தீர்மானம் போட்ட 1959ஆம் ஆண்டில், 80 வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரலாக இருந்து இறங்கியவர், இனி அடைய என்ன இருந்தது? 1962இல் 18 இடம், 1967இல் 44 இடம் என்று மக்களவையில் கட்சி வளர்ந்தது, 1971இல் சரிந்தது. 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்ற அவருடைய சொல் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் அதே கைதான் கல்கியில் வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் எழுதியது. இரண்டும் வேறு வேறு வேலை என்று நான் நினைக்கவில்லை. சூதாட உட்காரும் தருமனை யாரும் தடுத்துவிடவில்லை, அதனால்தான் அது தருமனின் கதை. தானாகக் கொடுத்தால்தான் தானம். அப்பாவின் மகமையை அரசாங்கம் வரியாகப் பிடித்திருந்தால் கோயில் விளக்கு எரிந்திருக்கும், அப்பாவுக்கு அதில் ஒரு பங்கும் இருந்திருக்காது. செல்வம் உடையவன் அதற்குத் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை ராஜாஜி கடைசிவரை விடாமல் பிடித்திருந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் கள்?

நெல்லை அவிழ்த்துவிட்ட இதே மனிதர்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி, நாட்டிலேயே முன்மாதிரியாக, எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். அப்பா ஆயுசு முழுக்கக் கட்டிய வரி அது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறார்கள் என்றதும், 92 வயதில், முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வியாபாரியை நம்பியவர் குடிப்பவனை ஏன் நம்பவில்லை என்று இளவயதில் கோபப்பட்டிருக்கிறேன்.

கோபம் தணிந்தது மண்டியில்தான். எங்களிடம் மூட்டை தூக்குவதும் நெல் அளப்பதும் அளவுக்காரர் ஒருவரே. 'லாபம்' என்று அவர் கூவினால் தெருக்கோடிக்குக் கேட்கும். சாராயக்கடை திறந்த பிறகு அவருடைய சனிக்கிழமைக் கூலி வீடு போய்ச் சேரவில்லை. ஒரு சனிக்கிழமை, கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லாவுக்கு எதிரே வந்து நின்றார். "மொதலாளி, எங்கையில குடுக்காதீங்க. அவ வாசல்ல நிக்கிறா, அவ கையில குடுத்துருங்க." சொல்லிவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவனுக்குத் தன்மேல் பிடி இருந்தால்தான் அது வியாபாரம், சாராயம் அந்தப் பிடியையே விலைக்கு வாங்கிவிடுகிறது என்பது எனக்கு அன்று விளங்கியது. ராஜாஜி சொன்ன சுதந்திரம் ஆசைக்குக் கொடுத்த சுதந்திரம் இல்லை. இதுவரைக்கும் அவரோடு என்னால் நடக்க முடிகிறது.

1953க்கு வரும்போது முடியவில்லை. கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்றுக்கொள்வது என்று ஒரு திட்டம். காசு போதவில்லை, இரண்டு முறையாகப் பள்ளி நடத்தினால் இன்னும் நிறையப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பெரியாரும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்றார்கள். 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து அதை எடுத்தார். அந்தத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்திருந்தால், அந்த மத்தியானங்களில் நான் பேரேடு எழுதக் கற்றிருப்பேன். அளவுக்காரர் மகன்? கொக்கி பிடிக்க. இரண்டு மூட்டை நெல்லுக்குப் பெர்மிட் கேட்பது மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்று கண்டவருக்கு, பிறப்பே பெர்மிட்டாக இருந்தவனின் வேதனை ஏன் தெரியவில்லை? 1930இல் சர்க்கார் பூட்டிவைத்த உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர். ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் செய்தவர். உள்ளம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். பரம்பரைத் தொழிலே மனிதனை நேராக நிறுத்தும் தர்மம் என்று நம்பிவிட்டார். மேலே நிற்பவனைத்தான் அது நிறுத்தும். மூட்டைக்குக் கீழே நிற்பவன் அதையும் சேர்த்துச் சுமக்கிறான்.

அளவுக்காரர் மகன் முழுநாள் பள்ளிக்கூடம் போனார், சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். சில வருஷங்களுக்கு முன், மகள் கல்யாணத்துக்கு அரிசி வாங்கத் தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மின்னணுத் தராசில் மூட்டைகளை ஏற்றப்போனோம். கிழவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த பழைய மரக்காலை இறக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, பேத்திக்கான அரிசியை வழிய எடுத்தார். தலைதட்டவில்லை. குரல் முன்போல எழும்பவில்லை, பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது. "லாபம்."