அன்னமிட்ட இளையநாயகி

நெய்வேலியை அடுத்த கம்மாபுரம் வழியே விருத்தாசலம் பழமலைநாதரைத் தரிசிக்கச் செல்பவர்கள், அங்கே விருத்தாம்பிகையையும் பாலாம்பிகையையும் வணங்கி வருவார்கள். ஏன் இரண்டு அம்பிகை?

பசியோடு தங்கிய குரு நமசிவாயர், அம்பிகையைக் கிழவி என்று பாடி அன்னம் கேட்டார். மூதாட்டியாக வந்தவள், கிழவியால் எப்படி அன்னம் கொண்டுவர முடியும் என்றாளாம். இளையவளாகப் பாடியதும், இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள் என்கிறது தலவரலாறு.

பாட்டியாகப் போகும் சகோதரிகளே! பேரக்குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க நம் கை துறுதுறுக்கும். ஆசையில் வந்த வழக்கம்தான். ஆனால் சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் வழியே சிசுவுக்குக் கிருமி சேரலாம். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, சில்லிட்டாலோ, அம்மனுக்குக் காசு முடிந்த கையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நமக்கென்ன வேலை என்கிறீர்களா? பெற்றவளுக்கு வேளாவேளைக்குச் சூடாகச் சோறு போடுங்கள். அவள் கண்ணயரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் அன்னம் இளையநாயகி கையில்தான் இருக்கிறது. அவளைக் காப்பதே பெரியநாயகிக்குச் செய்யும் பூஜை!